எச்.ஐ.வி. மருந்துச் சோதனைகளும் அவற்றில் சேர்ந்தவர்களும்

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவர் இன்று நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் மாத்திரையை, அது பலன் தருமா தீங்கு செய்யுமா என்று எவருக்கும் தெரியாத காலத்தில் வேறு சிலர் விழுங்கிப் பார்த்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதே தொற்றுடன் வாழ்ந்தவர்கள். அவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். தம் உயிரைக் காத்துக்கொள்ளச் சேர்ந்தார்கள் என்பது ஒன்று. தமக்குப் பின் வருவோருக்கு உதவச் சேர்ந்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் நாற்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், எந்தக் காலத்தில் எந்தக் காரணம் ஓங்கியது என்பதைத் தனி மனிதர்களின் குணத்தைவிட, சோதனைக்கு வெளியே அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே பெரிதும் முடிவு செய்திருக்கிறது.

மருந்துச் சோதனை என்பது ஒரு புதிய மருந்தையோ சிகிச்சை முறையையோ மனிதர்களிடம் கொடுத்து, அதன் பாதுகாப்பையும் பலனையும் அளந்து பார்க்கும் ஆய்வு. பெரிய சோதனைகளில் பங்கேற்பாளர்கள் குலுக்கல் முறையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரிவுகளாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும், மற்றொரு பிரிவுக்கு வழக்கிலுள்ள சிகிச்சையோ மருந்துப்போலியோ தரப்படும். மருந்துப்போலி என்பது பார்வைக்கு மருந்தைப் போலவே இருக்கும், ஆனால் மருந்துச் சத்து ஏதும் இல்லாத மாத்திரை. யாருக்கு எது கிடைத்தது என்பது பல சோதனைகளில் மருத்துவருக்கும் தெரியாது. சேர்பவர் இவற்றையெல்லாம் புரிந்துகொண்டு ஒப்புதல் தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது இன்றைய நெறி.

மருந்தே இல்லாத ஆண்டுகள்

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்திருப்பதைப் பதிவு செய்தது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு இதுவே. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. சிகிச்சை மட்டும் எதுவும் இல்லை. சூரமின் என்ற பழைய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பலன் தரவில்லை, உடலையும் கெடுத்தது. பாரிஸில் எச்.பி.ஏ.-23 என்ற மருந்து பரிசோதிக்கப்படுவதாகச் செய்தி வந்ததும் அமெரிக்கர்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து அங்கே போனார்கள். ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சனும் அவர்களுள் ஒருவர். அவர் 1985 அக்டோபரில் காலமானார்; அந்த மருந்தும் பயனற்றது என்று பின்னர் தெரிந்தது. அன்று சோதனையில் சேர்வது ஒரு தேர்வு என்று சொல்வதற்கில்லை. ஆற்றில் அடித்துச் செல்லப்படுபவர் கையில் பட்ட வேரைப் பிடிப்பது போன்றது அது.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 1983 ஜூனில் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயுற்றோர் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். டென்வர் கோட்பாடுகள் என்று அது பெயர் பெற்றது. தங்களைப் 'பலியானவர்கள்' என்று அழைக்கக் கூடாது, 'எய்ட்ஸுடன் வாழ்பவர்கள்' என்றே சொல்ல வேண்டும் என்றார்கள். ஆய்வில் பங்கேற்க மறுத்தாலும் தங்களுக்குரிய சிகிச்சைக்கு அதனால் குந்தகம் வரக் கூடாது என்ற உரிமையையும் அதில் எழுதிவைத்தார்கள். கொடுக்க மருந்தே இல்லாத நாளில் மறுக்கும் உரிமையைக் கேட்டது விந்தையாகத் தோன்றலாம். உண்மையில் அவர்கள் பின்னால் வரப்போகும் காலத்துக்கான விதியை முன்கூட்டியே எழுதினார்கள். மறுக்க முடியாத இடத்தில் தரப்படும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது.

282 பேர்

ஏ.இசட்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சிடோவுடின், 1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவரால் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டு, பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட வேதிப்பொருள். 1985இல் அது ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைத் தடுப்பது தெரிந்தது. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் 12 மையங்களில் 282 பேரைக் கொண்டு சோதனை தொடங்கியது. 145 பேருக்கு ஏ.இசட்.டி., 137 பேருக்கு மருந்துப்போலி. இரவும் பகலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டும். இதற்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்தார்கள்.

சேர்ந்தவர்களின் நோக்கம் என்ன என்பது அவர்கள் சொன்னதைவிடச் செய்ததில் தெரிகிறது. சிலர் மாத்திரை உறையைத் திறந்து சுவைத்துப் பார்த்தார்கள். சிலர் ஆய்வகத்தில் கொடுத்து உள்ளே இருப்பது மருந்தா வெற்றுப் பொடியா என்று சோதித்தார்கள். வேறு சிலர் தங்களுக்குள் மாத்திரைகளைக் கலந்து பகிர்ந்துகொண்டார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொருவருக்கும் பாதி மருந்தாவது கிடைக்குமே என்ற கணக்கு. அறிவியல் நோக்கில் இது சோதனையைக் கெடுக்கும் செயல். ஆனால் ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே குலுக்கல் போட்டது சோதனைதான், அவர்கள் அல்ல. பகிர்ந்து விழுங்கியது சுயநலமா பிறர் நலமா என்று எந்தப் பெட்டியில் போடுவது?

1986 செப்டம்பரில் கணக்கெடுத்தபோது மருந்துப்போலிப் பிரிவில் 19 பேரும், ஏ.இசட்.டி. பிரிவில் ஒருவரும் இறந்திருந்தனர். சோதனை உடனே நிறுத்தப்பட்டு எல்லாருக்கும் மருந்து தரப்பட்டது. 1987 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர் விலை. இவ்வளவு விலை கொடுக்க முடியாதவருக்கு, மருந்து கடைக்கு வந்த பிறகும் சோதனையே ஒரே வழியாக இருந்தது.

பின்னாளில் இந்தச் சோதனையின் முடிவு மிகைப்படுத்தப்பட்டதாகச் சிலர் வாதிட்டார்கள். ஏ.இசட்.டி.யின் பலன் நீடிக்கவில்லை என்பது சரிதான். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் அறிகுறி இல்லாத 1,749 பேரிடம் நடந்த கான்கார்ட் சோதனை, அந்த ஒரு மருந்தை மட்டும் முன்கூட்டியே தொடங்குவதால் நீண்ட கால நன்மை இல்லை என்று 1993இல் காட்டியது. வைரஸ் மருந்துக்குப் பழகிவிடுகிறது. ஆனால் 19க்கு ஒன்று என்ற எண்ணிக்கையை அது மாற்றவில்லை.

தெருவில் இறங்கியவர்கள்

1987 மார்ச்சில் நியூயார்க்கில் ஆக்ட் அப் என்ற அமைப்பு தோன்றியது. 1988 அக்டோபர் 11 அன்று அவர்கள் மேரிலாந்தில் உள்ள உணவு மருந்து நிர்வாகத்தின் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். வழக்கமாக நோயாளிகள் ஆய்வுக்கு உட்படுவதை எதிர்த்துத்தான் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. இங்கே, எங்களைச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் போராட்டம் நடந்தது. மருந்துச் சோதனையும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது அவர்களின் முழக்கம்.

இந்த முழக்கத்தில் ஓர் ஆபத்து இருந்தது. சோதனையின் நோக்கம் அறிவைப் பெறுவது. பங்கேற்பவரைக் குணப்படுத்துவது அதன் முதல் வேலை அல்ல. இந்த வேறுபாட்டை நோயாளி உணராமல், எல்லாம் தன் நன்மைக்காகவே செய்யப்படுகிறது என்று நம்பிவிடுவதை 1982இல் பால் ஆப்பல்பாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 'சிகிச்சை எனும் மயக்கம்' என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார்கள். ஆக்ட் அப் உறுப்பினர்களை இந்த மயக்கத்துக்கு ஆளானவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சோதனைத் திட்டங்களை வரிவரியாகப் படித்தவர்கள். வைரஸ் இயலைத் தாமே கற்று, விஞ்ஞானிகளுடன் அவர்களின் மொழியிலேயே வாதிட்டவர்கள். சோதனை வேறு சிகிச்சை வேறு என்று நன்கு தெரிந்தும், வேறு சிகிச்சை இல்லாத இடத்தில் இரண்டையும் பிரிப்பது கொடுமை என்றார்கள்.

அவர்களின் குறிப்பான கோரிக்கைகளைப் பார்த்தால், மக்களைச் சேரவிடாமல் தடுத்தது எது என்பதும் தெரியும். தொடக்கக் காலச் சோதனைகள் பலவற்றில் வேறு எந்த மருந்தையும் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. நிமோனியா வராமல் தடுக்கும் மருந்தைக்கூட விட்டுவிட வேண்டும் என்றால், சோதனையில் சேர்வதே உயிருக்கு ஆபத்து. இதனால் பலர் சேரவில்லை, அல்லது சேர்ந்துவிட்டுப் பொய் சொன்னார்கள். விதிகளை மனிதர்கள் கடைப்பிடிக்கக் கூடியவையாக மாற்றினால் ஆய்வும் நம்பகமாக இருக்கும் என்ற வாதத்தை விஞ்ஞானிகள் மெல்ல ஏற்றார்கள். பெருமருத்துவமனைகளை விட்டு, நோயாளிகள் வழக்கமாகப் பார்க்கும் ஊர் மருத்துவர்கள் வழியாகவே நடத்தப்பட்ட ஆய்வுகளின் அடிப்படையில், நிமோனியாவைத் தடுக்க மூச்சு வழியாக இழுக்கும் பென்டமிடின் 1989இல் அனுமதி பெற்றது.

அதே ஆண்டில் ஆன்டனி ஃபவுச்சி 'இணைத் தடம்' என்ற திட்டத்தை ஆதரித்தார். சோதனைக்குத் தகுதி பெறாதவர்கள், தொலைவால் சேர முடியாதவர்கள் ஆகியோருக்கு, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மருந்தைத் தனியாகத் தருவது என்பது திட்டம். டி.டி.ஐ. என்ற மருந்து இப்படி ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தது. வெளியே மருந்து கிடைத்தால் யார் குலுக்கலுக்கு வருவார்கள், சோதனைகளே நின்றுபோகுமே என்று பல ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சமே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். மக்கள் வருவது வேறு வழியில்லாததால்தான் என்று அவர்களும் அறிந்திருந்தார்கள். ஆனால் டி.டி.ஐ. சோதனைகள் நடந்து முடிந்தன. 1991இல் அந்த மருந்து அனுமதியும் பெற்றது. வேறு வழி இருந்தபோதும் சிலர் குலுக்கலுக்கு வந்தார்கள் என்பதற்கு இது முதல் பெரிய சான்று.

உள்ளே வராதவர்கள்

1990களின் பிற்பாதியில் அமெரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றுவந்தவர்களிடையே எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, சுமார் 14 விழுக்காட்டினரே மருந்துச் சோதனையில் பங்கேற்றிருந்தனர். கறுப்பினத்தவரும் இசுப்பானிய வழியினரும் குறைவாகவே இடம் பெற்றிருந்தனர். ஆய்வு மருத்துவமனைக்குத் தொலைவில் வசித்தவர்களும் அப்படியே. கறுப்பினத்தவரின் தயக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் எப்போதும் சொல்லப்படுகிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமலே கவனித்துவந்தது. பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. 1997 மே மாதத்தில்தான் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். இருந்தாலும் டஸ்கிகீயை மட்டும் சொல்லி நிறுத்துவது வசதியான விளக்கம் என்றே படுகிறது. யாரும் அழைக்கவில்லை, மையம் வெகு தொலைவு, வேலையிலிருந்து விடுப்பு கிடைக்காது என்ற சாதாரணக் காரணங்கள் அதில் மறைந்துவிடுகின்றன.

பெண்களின் நிலை வேறு. குழந்தை பெறும் வயதுப் பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்கக் கூடாது என்று உணவு மருந்து நிர்வாகம் 1977இல் வழிகாட்டுதல் விதித்திருந்தது. 1993இல்தான் அது தளர்ந்தது. அதற்கு முன் கர்ப்பிணிகள் பெருமளவில் சேர்க்கப்பட்ட சோதனை 1991இல் தொடங்கிய 076 எண் சோதனை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதை ஏ.இசட்.டி. தடுக்குமா என்பது கேள்வி. 477 பெண்கள் சேர்ந்தார்கள். 1994 பிப்ரவரியில் வெளியான முடிவு: மருந்துப்போலிப் பிரிவில் 25.5 விழுக்காடு, ஏ.இசட்.டி. பிரிவில் 8.3 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்று. இந்தத் தாய்மார்களின் நோக்கத்தைத் தன்னலம் என்றோ பிறர் நலம் என்றோ சொல்ல முடியாது. அது தன் குழந்தை.

இந்த வெற்றி உடனே ஒரு சர்ச்சையைக் கொண்டுவந்தது. முழு அளவு ஏ.இசட்.டி. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், குறுகிய கால, மலிவான முறை பலன் தருமா என்று தாய்லாந்திலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் சோதிக்கத் தொடங்கினார்கள். பலன் தரும் மருந்து ஒன்று இருப்பது தெரிந்த பிறகும், ஒப்பீட்டுக்கு மருந்துப்போலியே கொடுக்கப்பட்டது. 1997இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பீட்டர் லூரியும் சிட்னி வுல்ஃபும் இதைக் கண்டித்தார்கள். இதழின் ஆசிரியர் மார்சியா ஏஞ்சல் டஸ்கிகீயோடு ஒப்பிட்டார். அந்த நாடுகளில் பெண்களுக்கு எப்படியும் எதுவும் கிடைப்பதில்லை, ஆகவே யாருக்கும் நட்டமில்லை என்பது மறுதரப்பின் பதில். 1998இல் பாங்காக் முடிவு வந்தது: தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 9.4ஆகக் குறைந்தது. மலிவான முறையும் பாதிப் பலன் தரும் என்று நிறுவப்பட்டதால் பல நாடுகளில் குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். அதற்காக அந்தப் பெண்களின் ஒப்புதல் சுதந்திரமானது என்று ஆகிவிடாது. எப்படியும் எதுவும் கிடைப்பதில்லை என்பதை ஆய்வாளர் தனக்கான நியாயமாகச் சொல்கிறார். சேரும் பெண்ணுக்கு அதுவே கட்டாயம்.

மருந்து வந்த பின்

1995 டிசம்பர் முதல் 1996 மார்ச்சுக்குள் புரோட்டியேஸ் தடுப்பான்கள் எனப்பட்ட மூன்று மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சை, பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் மரணங்களைச் சட்டென்று குறைத்தது. அங்கே இனி சோதனையில் சேராவிட்டால் செத்துப்போவோம் என்ற நிலை இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள்.

ஸ்மார்ட் என்ற சோதனையில் 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பேர் சேர்ந்தனர். அன்றைய மாத்திரைகள் கடினமானவை. கன்னம் ஒட்டிப்போகும், வயிறு கெடும். சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது திரும்பத் தொடங்கினால் என்ன என்பது கேள்வி. மருந்தைப் பெறுவதற்காகச் சோதனைக்கு வந்த காலம் போய், மருந்திலிருந்து சற்று ஓய்வு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடும் வரக்கூடிய காலம் வந்தது. 2006 ஜனவரியில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. இடையிடையே நிறுத்தியவர்களுக்கு மரணமோ கடும் நோயோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.6 மடங்காக இருந்தது. இதன் தொடர்ச்சியாக 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்த ஸ்டார்ட் சோதனை, தொற்று தெரிந்தவுடனே சிகிச்சை தொடங்குவது நல்லது என்று 2015 மே மாதத்தில் காட்டியது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. இந்தியா 2017இல் மாற்றியது.

இக்காலத்தில்தான் பங்கேற்பாளர்களிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்று முறையாகக் கேட்கும் ஆய்வுகள் பெருகின. பதில்கள் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை: எனக்கு நல்ல கவனிப்பு கிடைக்கும், புதிய மருந்து கிடைக்கும், அறிவியலுக்கு உதவும், என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும், என் மருத்துவர் சொன்னார். தயக்கத்துக்கும் அதே போலத் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள்: பக்க விளைவு, அடிக்கடி இரத்தம் எடுப்பது, அலைச்சல், தன் நிலை வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம். இவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் சோதனை நடத்தும் மருத்துவமனையைச் சேர்ந்தவர். கேட்பது சேர்ந்த பிறகு. 'பிறருக்கு உதவ' என்பது சொல்வதற்குக் கௌரவமான பதில். 'இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்' என்பது பட்டியலில் இடம் பெறாத பதில், ஆனால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்னையில் ஒரு சோதனை

இந்தியாவில் இதே வரலாறு வேறு வேகத்தில் நடந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையிலான குழுதான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அவர் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். மேலைநாடுகளில் 1996இலேயே வந்துவிட்ட கூட்டுச் சிகிச்சை, ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை என்பதால் இங்கே மிகச் சிலருக்கே எட்டியது. 2001 பிப்ரவரியில் சிப்ளா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கியது. அப்போதும் சி.டி.4 எண்ணிக்கை நன்கு குறைந்த பிறகே மாத்திரை. இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் பரிசோதனை, எல்லாருக்கும் வழக்கமாகத் தரப்பட்டது 2018 முதல்தான். ஆகவே ஒரு சோதனையில் சேர்வது என்றால், மருந்து மட்டுமின்றி, வெளியே எளிதில் கிடைக்காத பரிசோதனைகளும் தொடர் கவனிப்பும் கிடைத்தன.

இந்தச் சூழலில் நடந்ததுதான் எச்.பி.டி.என். 052. ஒன்பது நாடுகளில் 13 மையங்கள். இந்தியாவில் சென்னையும் புனேயும். மொத்தம் 1,763 இணையர்கள். ஒவ்வோர் இணையரிலும் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. தொற்றுள்ளவர் முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் துணைக்குப் பரவுவது குறையுமா என்பது கேள்வி. குலுக்கலில் ஒரு பிரிவுக்கு உடனே ஏ.ஆர்.டி.; மற்றப் பிரிவுக்கு சி.டி.4 குறையும்போதோ நோய் தோன்றும்போதோ. இருவரும் சேர்ந்தே வர வேண்டும். தொற்று பற்றித் துணைக்குச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கப்படும் செய்தி இது. கணவனும் மனைவியும் ஒரே மேசையின் முன் உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தைக் கேட்டுப் புரிந்து கையெழுத்திடுவது, அதற்கு முன் எத்தனை இரவுப் பேச்சுகளைக் கடந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். எல்லா இணையர்களுக்கும் ஆணுறையும் ஆலோசனையும் தொடர் பரிசோதனையும் தரப்பட்டன.

2011 மே மாதத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. துணையிடமிருந்தே வந்தது என்று மரபணு ஒப்பீட்டில் உறுதியான தொற்றுகள் 28. அவற்றுள் ஒன்றுதான் உடனே சிகிச்சை பெற்ற பிரிவில். 96 விழுக்காடு பாதுகாப்பு. சிகிச்சையே தடுப்பும் ஆகும் என்ற இன்றைய கொள்கையின் அடித்தளங்களில் இது ஒன்று. உடனே எல்லாருக்கும் மருந்து தரப்பட்டது.

மீதி 27 தொற்றுகளை எளிதில் கடந்துபோக முடியவில்லை. துணைக்கு வராமல் காக்க வேண்டும் என்று ஒருவர் சேர்ந்திருந்தால், குலுக்கல் அவரைத் தாமதப் பிரிவில் போட்டபோது அந்த நோக்கம் அங்கேயே பாதியில் நின்றது. அன்றைய வழிகாட்டுதல்படி அவர்களுக்கு மறுக்கப்பட்டது எதுவுமில்லை. வெளியே இருந்திருந்தாலும் அப்போது மருந்து கிடைத்திருக்காது. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே 2010இல் உலகச் சுகாதார நிறுவனம் சிகிச்சை தொடங்கும் அளவை உயர்த்தியது என்பதும், தாமதப் பிரிவைத் தொடர்வது சரியா என்று நெறிமுறையாளர்கள் வாதிட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கின்றன. இன்று தமிழ்நாட்டில் தொற்று தெரிந்தவுடன் ஏ.ஆர்.டி. தரப்படுவதற்கு அந்த இணையர்களுக்கும் பங்கு உண்டு.

சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைகளும் குறிப்பிட வேண்டியவை. எச்.ஐ.வி.யும் நுரையீரல் காசநோயும் சேர்ந்த 331 பேரிடம் 2009 முதல் 2016 வரை நடந்த சோதனையில், காசநோய் மாத்திரையை நாள்தோறும் எடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர் நல்ல பலன் பெற்றனர். அன்று தேசியத் திட்டத்தில் இருந்த வாரம் மும்முறை என்ற முறையில் 77 விழுக்காட்டினர். இங்கே புதிய மருந்து என்று எதுவும் இல்லை, பழைய மாத்திரைகளே. இப்படிப்பட்ட சோதனைக்கு ஆட்களைக் கொண்டுவருவது மருந்தின் மேல் உள்ள ஆசையாக இருக்க முடியாது. அந்த மருத்துவமனையின் மேல் உள்ள நம்பிக்கையாகத்தான் இருக்கும்.

இந்தியச் சட்டம் இந்த நம்பிக்கையைச் சில வழிகளில் காக்க முயல்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றி எவரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. பயணச் செலவும் இழந்த கூலியும் தரலாம், ஆனால் ஆசை காட்டும் அளவுக்குப் பணம் தரக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நெறி. நலிவுற்ற பிரிவினரிடம் புதிய மூலக்கூறு மருந்துகளைச் சோதிக்கும்போது ஒப்புதல் பெறுவதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி உண்டு. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு: குரலைப் பதிவு செய்தால் போதும், முகம் வேண்டாம். சேராமல் இருப்பதற்கான காரணங்களில் மிகப் பெரியது எது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமக்கு எதுவும் கிடைக்காத சோதனைகள்

இன்று ஒரு வேளை ஒரு மாத்திரையால் வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்குக் கட்டுப்படுத்தி வைக்கலாம். ஆயினும் வைரஸ் உடலின் அணுக்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பிவிடும். அதை வேரோடு நீக்க முடியுமா என்று தேடும் ஆய்வுகளில் சேர்பவர், நன்றாக வேலை செய்யும் மருந்தைச் சில காலம் நிறுத்தவும் வேண்டியிருக்கலாம். ஆரம்பக் கட்ட ஆய்வுகளில் அவருக்கு நேரடிப் பலன் இராது என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். 1986இல் சேர்ந்தவரின் நிலைக்கு இது முழுத் தலைகீழ்: அவருக்கு வெளியே மரணம், இவருக்கு வெளியே நலம்.

இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த பெயர் டிமத்தி ரே பிரவுன். பெர்லினில் வாழ்ந்த இந்த அமெரிக்கருக்கு எச்.ஐ.வி.யுடன் இரத்தப் புற்றுநோயும் வந்தது. வைரஸ் நுழைய முடியாத மரபணு மாற்றம் கொண்ட ஒருவரின் குருத்தணுக்களைப் பொருத்தலாம் என்று மருத்துவர் கேரோ ஹூட்டர் சொன்னபோது, புற்றுநோய் அடங்கியிருந்ததால் பிரவுன் முதலில் மறுத்துவிட்டார். சோதனை எலியாக இருக்க அவருக்கு விருப்பமில்லை. புற்றுநோய் திரும்பிய பிறகே ஒப்புக்கொண்டார். 2007 பிப்ரவரியில் சிகிச்சை நடந்தது, எச்.ஐ.வி. திரும்பவில்லை. இது ஒருவருக்குச் செய்த சிகிச்சை, முறையான சோதனை அன்று. ஆனால் அதன் பின் அவர் செய்ததுதான் இங்கே பொருத்தம். 2010இல் தன் பெயரை வெளியிட்டார்; தான் ஒருவர் மட்டுமே குணமானவராக இருக்க விரும்பவில்லை என்று சொல்லி, பல ஆண்டுகள் ஆய்வாளர்களுக்குத் தன் இரத்தத்தையும் திசுக்களையும் கொடுத்துவந்தார். புற்றுநோய் மீண்டும் வந்து 2020 செப்டம்பரில் இறந்தார். வேண்டாம் என்றதும், உயிருக்காகச் சரி என்றதும், பிறருக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்ததும் ஒரே மனிதர்.

சான் டியேகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2017இல் 'கடைசிப் பரிசு' என்ற பெயரில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. புற்றுநோய் போன்ற வேறு நோய்களால் சில மாதங்களே வாழ்வு மீதமுள்ள, எச்.ஐ.வி. உள்ளவர்கள் இதில் சேர்கிறார்கள். உயிருடன் இருக்கும்போது இரத்தம் தருகிறார்கள். இறந்த சில மணி நேரத்துக்குள் மூளை, குடல், நிணநீர் முடிச்சு என்று உடலின் பல இடங்களிலிருந்து திசுக்கள் எடுக்கப்பட்டு, வைரஸ் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடப்படுகிறது. சிலர் இறுதி நாட்களில் தாமாகவே மருந்தை நிறுத்திக்கொண்டு, வைரஸ் முதலில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கவும் உதவியிருக்கிறார்கள். குடும்பத்தாரும் இதற்கு உடன்பட வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் மரணம் நேர்ந்தாலும் ஆய்வுக் குழுவைத் தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அருகில் இருப்பவர்களுடையது.